பெயருக்கு முன்னால் 'கவிஞர்' என்று எப்போது போடலாம்?

கேள்வி: அன்புள்ள டீச்சருக்கு வணக்கம். எனக்கு 26 வயது. முக்கூடல் பக்கத்தில் ஒரு கிராமம். திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை பார்க்கிறேன். அம்மா பீடி சுற்றுகிறாள். எட்டாம் வகுப்பிலிருந்து கவிதை எழுதுகிறேன், ஐந்து நோட்டு நிறைந்துவிட்டது. 28,000 ரூபாய் கொடுத்தால் புத்தகமாகப் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். இன்னொரு அமைப்பில் 3,500 ரூபாய் கட்டினால் மேடையில் பட்டமும் பொன்னாடையும் தருவார்களாம். "கவிதை சோறு போடுமா?" என்று அண்ணன் கேட்கிறான். கவிஞர் ஆக நான் என்ன செய்ய வேண்டும்? யாப்பு கட்டாயம் படிக்க வேண்டுமா? என் கவிதை சமூகத்துக்குப் பயன்பட வேண்டும் என்பது என் ஆசை. என் பெயருக்கு முன்னால் 'கவிஞர்' என்று எப்போது போட்டுக்கொள்ளலாம்? மூன்று கவிதைகள் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் முப்பது வருடம் தமிழ் ஆசிரியராக இருந்தேன். அதில் பாதிக் காலம் ஒரு சிற்றிதழுக்கு வரும் கவிதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் வேலையும் பார்த்தேன். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். 28,000 ரூபாயும் கட்டாதே, 3,500 ரூபாயும் கட்டாதே. என் முதல் தொகுப்புக்கு நான் வளையலை அடகு வைத்துப் பணம் கொடுத்தேன். 500 பிரதி என்று பேச்சு. வந்தது 200. முதல் பக்கத்திலேயே என் ஊர்ப் பெயரில் எழுத்துப் பிழை. மிச்சப் பிரதிகளைக் கேட்டு ஒரு வருடம் நடந்தேன், கிடைக்கவில்லை. வளையல் முழுகிப்போனது. அதைவிட, என் கவிதை நல்லதா இல்லையா என்று அந்தப் புத்தகத்தை வைத்து என்னால் தெரிந்துகொள்ளவே முடியவில்லை. பணம் வாங்கியவர் அதைப் படிக்கவே இல்லை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறாமல் இருப்பது அதுதான். உன் கடையில் 28,000 சேர்க்க உனக்கு எத்தனை மாதம் ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வேண்டாம் மகளே.

புத்தகத்துக்குப் பின்னட்டையில் போடுகிற ஐ.எஸ்.பி.என் எண்ணுக்காக இவ்வளவு செலவு என்று சொன்னால் நம்பாதே. இந்தியாவில் அந்த எண்ணை அரசு இலவசமாகத்தான் தருகிறது. பதிப்புரிமையும் அப்படித்தான். நீ எழுதி முடித்த உடனே கவிதை உன்னுடையது. பதிவு செய்தால்தான் உரிமை என்று சட்டம் சொல்லவில்லை. உன் வாழ்நாள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 வருடமும் அந்த உரிமை உனக்கும் உன் வாரிசுக்கும் உண்டு. 'எல்லா உரிமையும் பதிப்பாளருக்கே' என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே.

சரி, இப்போது அந்தப் பெயர் விஷயம்.

குறுந்தொகையில் 40-ஆம் பாட்டை எழுதியவர் பெயர் செம்புலப்பெயல்நீரார். 41-ஆம் பாட்டை எழுதியவர் அணிலாடு முன்றிலார். இவை அவர்களுக்கு அப்பா அம்மா வைத்த பெயர்கள் கிடையாது. உண்மைப் பெயர் என்ன, ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் மிஞ்சவில்லை. செம்மண்ணில் பெய்த மழைத்தண்ணீர் மண்ணோடு கலந்து செம்மண் நிறமாகவே ஆகிவிடுவதைப் போல நம் நெஞ்சம் கலந்தது என்று ஒருவர் எழுதினார். அவன் பிரிந்துபோனால் நான், ஆட்கள் விட்டுப்போன வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுகிற மாதிரிக் கிடக்கிறேன் என்று ஒரு பெண் சொல்வதாக இன்னொருவர் எழுதினார். தொகுத்தவர்களுக்குப் பெயர் தெரியவில்லை. அதனால் அந்த வரியையே பெயராக வைத்துவிட்டார்கள். சாத்தான்குளம் செம்மண் தேரிப் பக்கம் மழைக்கு அப்புறம் போய்ப் பார், அந்தச் செம்மண் வரி அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

பெயருக்கு முன்னால் போடுவது பற்றி நீ கேட்டாய். இவர்களுக்கு வரிதான் பெயரானது. உன்னைக் கவிஞர் என்று ஊர் கூப்பிட ஆரம்பித்தால் கூப்பிடட்டும், மறுக்க வேண்டாம். எட்டயபுரத்துச் சுப்பிரமணியனுக்குச் சிறு வயதிலேயே 'பாரதி' என்று பட்டம் கொடுத்ததும் நம் சீமையில்தான். ஆனால் அந்தப் பையன் அதற்குப் பணம் கட்டவில்லை.

உன் மூன்று கவிதைகளையும் நாலைந்து தடவை படித்தேன். நேராகவே சொல்கிறேன்.

முதல் கவிதையில் 'மெழுகுவர்த்தியாய் உருகும் பெண்ணினமே' என்று தொடங்குகிறாய். இந்த மெழுகுவர்த்தி என் மேசைக்கு வந்த கவிதைகளில் பத்தில் ஒன்றிலாவது எரிந்துகொண்டிருந்தது. உன் வீட்டில் மெழுகுவர்த்தி எப்போது ஏற்றுகிறீர்கள்? கரண்டு போனால். அப்போது அம்மா என்ன செய்வாள்? பீடி சுற்றும் சுளகை வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டு, சுற்றுவதை நிறுத்தாமல் இருப்பாள் இல்லையா? அந்த மெழுகுவர்த்தியை எழுது. மேடைக் கவிதையிலிருந்து எடுத்து வந்ததை மேடைக்கே திருப்பிக் கொடுத்துவிடு.

இரண்டாவது, 'தாமிரபரணித் தாயே, உன் கண்ணீரை யார் துடைப்பார்?' ஆற்றின் மேல் உனக்கு இருக்கிற பாசம் உண்மை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தக் கவிதையில் ஆறு இல்லை. தாமிரபரணி என்ற பெயரை எடுத்துவிட்டுக் காவிரி என்று போட்டால் ஒரு வரி கூட மாறாது. பாபநாசத்தில் பரிகாரம் செய்து குளிக்கிறவர்கள் உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அடுத்து இறங்குகிறவர் காலில் யாரோ ஒருவருடைய பாவம் சேலையாகச் சுற்றுகிறது. குறுக்குத்துறையில் முருகன் கோவில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும்போதெல்லாம் தண்ணீர் உள்ளே போகும், உற்சவரை முன்கூட்டியே மேலக்கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள், மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். 2023 டிசம்பரில் அந்தப் பெருமழை பெய்தபோது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த இரண்டு நாள் உன் ஊரில் என்ன நடந்தது? யார் வீட்டு அடுப்பு நனைந்தது? நீ பார்த்தது என்ன? எனக்கு அது வேண்டும்.

மூன்றாவது கவிதையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

'அம்மா சடை பின்னிவிட்ட நாளெல்லாம்
என் தலையில் தூள் வாசம்.
வகுப்பில் பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்தார்கள்.
அம்மா மட்டும் பக்கத்திலேயே இருந்தாள்.'

இது கவிதை. இந்த நாலு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பீடித் தூளைத் தொட்ட கை, அதே கையால் பின்னிய சடை, அந்த வாசத்துக்கு முகம் சுளித்த பிள்ளைகள், வகுப்பில் இல்லாத அம்மா வாசமாக வந்து உட்கார்ந்திருப்பது. நீ எதையும் விளக்கவில்லை. ஆனால் அதற்குக் கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறாய்: 'ஓ சமூகமே! இவள் உழைப்பை நீ மதிப்பது எப்போது?' இதை அடித்துவிடு. சமூகத்துக்குப் பயன்பட வேண்டும் என்ற ஆசையில்தான் சேர்த்திருக்கிறாய், எனக்குப் புரிகிறது. ஆனால் மேலே உள்ள நாலு வரியைப் படிக்கிறவர் அந்த வகுப்பில் தள்ளி உட்கார்ந்த பிள்ளைகளில் ஒருவராகத் தன்னைப் பார்த்துக் கூசிப்போவார். கீழே உள்ள இரண்டு வரி வந்ததும் 'சமூகம்' என்று வேறு யாரையோ சொல்கிறாள் என்று நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

கவிதையால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்டாய். நம் சீமையில் இதற்குப் பதில் தேடிப் புத்தகக்கடைக்குப் போக வேண்டியதில்லை. கோவில் கொடைக்குப் போனால் போதும், சாவு வீட்டுக்குப் போனால் போதும்.

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போயிருப்பாய். அங்கே பட்டவராயன் சன்னதியில் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். ஏன் செருப்பு? முத்துப்பட்டன் பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்று செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்கள் இருவரை விரும்பினான். பூணூலையும் குடுமியையும் விட்டுவிட்டு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வா என்றார் பெண்களின் தகப்பனார். அவன் செய்தான், கட்டிக்கொண்டான். மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தான். இதை எந்த ராஜாவும் கல்வெட்டில் எழுதி வைக்கவில்லை. வில்லுப்பாட்டுக்காரர்கள் பாடினார்கள். வீசுகோலால் வில்லைத் தட்டி, குடம் அடித்து, உடுக்கை அடித்து, விடிய விடியப் பாடிப் பாடி அந்தச் சாவை ஊர் மறக்காமல் வைத்துக்கொண்டார்கள். பின்னால் நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை அந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தார். சாதி விட்டுச் சாதி கட்டியதற்காக வெட்டுகிற காலத்தில் நாம் இன்னும் இருக்கிறோம். அதே சீமையில், அப்படிக் கட்டியவனைச் சாமியாகக் கும்பிட வைத்திருக்கிறது ஒரு பாட்டு.

ஒப்பாரியையும் சொல்ல வேண்டும். என் ஆச்சி செத்தபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மை ஒருத்தி பாடினாள். ஆச்சியின் நகையை யார் வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை, எந்தக் கிணற்றில் ஆச்சி ஒருமுறை விழப் போனாள், யார் தடுத்தது, எல்லாம் அந்தப் பாட்டில் வந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மற்ற நாளில் அந்தப் பெரியம்மை அவர்கள் முன்னால் நின்று ஒரு வார்த்தை பேச முடியாது. பாட்டாகச் சொன்னதால் யாராலும் அவள் வாயை மூட முடியவில்லை. பேசக் கூடாதவர்கள் பேசுவதற்கு ஓர் இடம் பாட்டில் இருந்தது. இப்போது பல வீடுகளில் ஸ்பீக்கர் வைத்து ஒலிப்பதிவு போடுகிறார்கள், அதில் செத்தவர் பெயர் கூட வருவதில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு. உங்கள் ஊரில் ஒப்பாரி பாடத் தெரிந்த கிழவிகள் இன்னும் இருந்தால், போய் உட்கார்ந்து கேள். அவர்கள் சம்மதித்தால் செல்போனில் பதிவு செய்துவை. உனக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடைக்காது.

அப்புறம், எல்லாப் பயனும் துக்கமும் கோபமுமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்து கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்து நடக்கிற கால்களுக்காக உண்டான பாட்டு. ஊற்றுமலை ஜமீனில் அவருக்கு ஆதரவு கிடைத்தது. இளம் வயதிலேயே, 1891-ல், போய்விட்டார். வெயிலில் நடக்கிறவனுக்குக் கால் வலி தெரியாமல் இருக்க ஒரு மெட்டு. அதுவும் சமூகப் பணிதான் என்று நான் நம்புகிறேன்.

என் மாணவி ஒருத்தியின் நினைவு வருகிறது. 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கேட்டு மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்கள் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாகப் போனபோது நடந்த தடியடியில், தாமிரபரணி ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள். அதில் ஒரு குழந்தையும் உண்டு. அந்த வருடம் எங்கள் இதழுக்குக் கட்டுக் கட்டாகக் கவிதை வந்தது. எல்லாவற்றிலும் 'ரத்த ஆறு', 'செங்குருதி', 'அதிகார மிருகம்'. கோபம் நியாயமானது. ஆனால் பத்தாவது கவிதைக்கு மேல் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அந்தப் பெண் மட்டும் படித்துறையில் கிடந்த ஒற்றைச் செருப்பைப் பற்றி ஏழு வரி எழுதியிருந்தாள். இன்னொரு செருப்பு ஆற்றோடு போய்ப் புன்னைக்காயலில் கடல் சேர்ந்திருக்குமா என்று கேட்டிருந்தாள். அவ்வளவுதான். இன்றைக்கும் கொக்கிரகுளம் பாலத்தில் பஸ் திரும்பும்போது என் கண் தானாகப் படித்துறைக்குப் போகிறது. அந்த ஏழு வரி என்னை விடவில்லை.

யாப்பு படிக்க வேண்டுமா? படி. அதில் எழுதியே ஆக வேண்டும் என்பதற்காக இல்லை, காது திருந்துவதற்காக. ஒரு வாரத்தில் அடிப்படை வந்துவிடும். சொல்லை அசை அசையாகப் பிரிப்பதுதான் அது. குறிலோ நெடிலோ தனியாக வந்தாலும், ஒற்றோடு வந்தாலும் நேர். இரண்டு குறிலோ, குறிலும் நெடிலுமோ சேர்ந்து வந்தால் நிரை, அதற்குப் பின்னால் ஒற்று வந்தாலும் அதே நிரைதான். 'பீடி' என்பது நேர் நேர், அதற்கு வாய்பாடு தேமா. 'சுளகு' நிரை நேர், புளிமா. பஸ்ஸில் வரும்போது கடைப் பலகைகளைப் படித்துப் படித்து அசை பிரித்துப் பார். பத்து வெண்பா எழுதிக் கிழித்துப் போடு. அப்புறம் நீ எழுதுகிற புதுக்கவிதையில் எந்தச் சொல் வீணாக உட்கார்ந்திருக்கிறது என்று உனக்கே கேட்கும். உன் மூன்றாவது கவிதையின் நாலாவது வரியில் 'பக்கத்திலேயே' என்ற அந்த நீண்ட சொல் எவ்வளவு சரியாக விழுந்திருக்கிறது தெரியுமா? அதை 'அருகில்' என்று மாற்றிப் படித்துப் பார், வரி செத்துவிடும். நீ தெரியாமல் செய்ததைத் தெரிந்து செய்யலாம், அதற்குத்தான் இலக்கணம்.

படிக்கவும் வேண்டும். குறுந்தொகையில் பாட்டெல்லாம் பெரும்பாலும் 4 முதல் 8 அடிதான், ஒரு நாளைக்கு ஒன்று படித்தால் போதும். உரையோடு நூலகத்தில் கிடைக்கும். அப்புறம் இன்று நம் பக்கத்தில் எழுதுகிறவர்களை.

அண்ணன் கேட்டதற்குப் பதில்: போடாது. அவன் சொல்வது சரி, அவனோடு சண்டை போடாதே. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு நாயக்க மன்னர் நிலம் கொடுத்தார், 'குறவஞ்சி மேடு' என்றே அதற்குப் பெயர். அந்தக் காலம் முடிந்துவிட்டது. பாரதியே 1904-ல் மதுரையில் கொஞ்ச நாள் தமிழாசிரியராக இருந்துவிட்டு, அப்புறம் சுதேசமித்திரன் பத்திரிகையில் வேலைக்குப் போனார். நம் பக்கத்தில் கல்யாண்ஜியும் கலாப்ரியாவும் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார்கள். கோவில்பட்டியில் தேவதச்சன் நகைக்கடை நடத்தினார். பில் போடும் வேலை கவிதைக்குக் குறைச்சல் இல்லை. தீபாவளி சீசனில் உன் கவுண்டருக்கு எதிரே நின்று, ஒரு சேலையை எடுத்து விலையைப் பார்த்துவிட்டு மெல்ல மடித்து வைத்துவிட்டுப் போகிற பெண்களை நீ பார்க்கிற மாதிரி வேறு எந்தக் கவிஞர் பார்க்க முடியும்? சினிமாப் பாட்டு எழுதும் ஆசை இருந்தால் அது தனித் தொழில். 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து பாடலாசிரியருக்கு ராயல்டியில் உரிமை உண்டு, அதை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. ஆனால் உன் மூன்றாவது கவிதையைப் பார்த்தால் உன் வழி அது இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி செய்ய வேண்டியது இதுதான். ஐந்து நோட்டையும் எடுத்து, அந்த நாலு வரிக்குப் பக்கத்தில் நிற்கக்கூடியதை மட்டும் தனியாக எழுதிவை. பத்து தேறினால் பெரிய விஷயம். வருத்தப்படாதே, ஐந்து நோட்டு எழுதியதால்தான் அந்த நாலு வரி வந்தது. அதில் நாலைந்தை யூனிகோடில் டைப் செய்து ஓர் இதழுக்கு அனுப்பு. ஒரே கவிதையை ஒரே நேரத்தில் நாலு இடத்துக்கு அனுப்பாதே. இரண்டு மூன்று மாதம் பதில் வராது, அது வழக்கம். திரும்பி வந்தால் ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதுவும் வழக்கம். இப்படி ஐம்பது அறுபது சேர்ந்து, இதழ்களில் கொஞ்சம் வந்த பிறகு தொகுப்பைப் பற்றி யோசிக்கலாம். அப்போது உன்னிடம் பணம் கேட்காத பதிப்பாளர் கிடைப்பார். கிடைக்கும் வரை காத்திரு. உனக்கு 26 வயதுதான் ஆகிறது.

எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டியிருக்கிறாயா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு எந்த வரி புரியவில்லையோ அங்கே ஒரு கோடு போட்டுவை. பல சமயம் அது நீ பொய் சொன்ன இடமாக இருக்கும்.

கடைசியாக ஒரு திருத்தம். பீடிக் கவிதையின் இரண்டாம் பகுதியில் 'விரல்கள் தேய்ந்தன' என்று எழுதியிருக்கிறாய். எல்லா விரலும் ஒரே மாதிரியா தேயும்? இலையைச் சுருட்டித் தூள் அடைத்து நூல் கட்டியதும் நுனியை நகத்தால் மடக்கி உள்ளே தள்ளுவார்கள் இல்லையா, அதற்கு அம்மா எந்த விரலை வைக்கிறாள் என்று இன்றைக்கு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து பார். அந்த நகம் எப்படி இருக்கிறது, அதற்கு அவள் என்ன செய்துகொள்கிறாள் என்று கேள். 'விரல்கள்' இருக்கிற இடத்தில் அந்த ஒரு விரலை வைத்து, கீழே உள்ள இரண்டு வரியை அடித்துவிட்டு, எனக்குத் திருப்பி அனுப்பு.

அன்புடன்,
டீச்சர்